பார் வைத்த கியர் சைக்கிள்

சிக்கல் என்ற ஊரில் நான் கிராம செவிலியராக இருந்தபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. கடற்கரைப் பக்கத்துக் குடியிருப்புகளுக்குப் போக மணல் பாதைதான். என்னுடைய லேடீஸ் சைக்கிள் அதில் புதைந்துவிடும். பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போவேன். இதைக் கேள்விப்பட்டு, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த என் தம்பி ஒரு பொங்கலுக்கு பஸ் மேலே ஏற்றி ஒரு கியர் சைக்கிளைக் கொண்டுவந்து இறக்கினான். தடித்த டயர், நேரான ஹேண்டில்பார், நடுவில் ஆம்பளை சைக்கிளுக்குப் போல ஒரு பார்.

"மலையில ஓட்டுற வண்டி, அக்கா. மணல்ல லேசாப் போகும்."

"இங்கன எங்கடா மலை? சேலையோட இதுல எப்படிடா ஏறுவேன்?"

அதற்கும் வழி வைத்திருந்தான். பையிலிருந்து இரண்டு சுடிதாரை எடுத்தான். கல்யாணமான நாளிலிருந்து சேலை தவிர வேறு உடுத்தாதவள் நான்.

பொங்கல் முடிந்து வேலைக்குக் கிளம்பியபோது சுடிதாருக்கு மேல் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டேன். பழைய வண்டியில் நிமிர்ந்து உட்காருவேன். இதில் சீட் உயரம், ஹேண்டில்பார் தாழ்வு. குனிந்து மிதிக்கும்போது பின்னாலிருந்து பார்ப்பவர்களுக்கு நான் எப்படித் தெரிவேன் என்பதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. தோளில் தொங்கிய தடுப்பூசிப் பெட்டி வேறு முன்னால் வந்து ஆடியது.

பஸ் நிறுத்தத்து டீக்கடை முன்னால் ஓர் ஆடு குறுக்கே வந்தது. பழைய வண்டியில் பிரேக்கை முழுப் பலத்தோடு அழுத்தினால்தான் கொஞ்சமாவது நிற்கும். அந்தப் பழக்கத்தில் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தேன். முன் சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. நான் அதைத் தாண்டிப் போய்க் குப்புற விழுந்தேன்.

பேன்ட் முழங்காலில் கிழிந்திருந்தது. துப்பட்டா வண்டியில் சிக்கிக் கிடந்தது. கடை பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகளுக்கு ஊசி போட்டவள் நான். யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள்.

"ஆத்தி, நர்ஸம்மா! அடிபட்டிருச்சா?" என்று பூக்காரப் பெண் ஓடிவந்து தூக்கினாள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றேன். அவள் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. செயின் கழன்று தொங்க, வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினேன்.

"இதை யாருக்காவது குடுத்துருங்க. நான் இனிமே தொடமாட்டேன்" என்று கணவரிடம் அழுதேன். அவர் சிரித்திருந்தால்கூட நான் கோபப்பட்டு ஆறியிருப்பேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்பேனரை எடுத்து சீட்டை இறக்கினார். பின்னால் ஒரு கேரியரை மாட்டி, பெட்டியை டியூப் ரப்பரால் கட்டினார். டெலிபோன் பூத்துக்குப் போய்த் தம்பியிடம் பேசிவிட்டு வந்தார்.

"வலது கைதான் முன் பிரேக்காம். அதைப் பட்டும் படாமப் பிடிக்கணுமாம். இடது கையை முதல்ல அமுக்கணும்னு சொல்றான். வா, கம்மாய்க்குப் போவோம்."

அந்த வருஷம் மழை பொய்த்துக் கண்மாய் வறண்டு கிடந்தது. விடிந்ததும் அங்கே போய்விடுவோம். அவர் நடுவில் நின்று, "இடது! இடது!" என்று கத்துவார். கியரை மாற்றும்போதெல்லாம் செயின் கடகடவென்று அலறும். கரையில் ஆடு பத்திக்கொண்டு போகிற பெண்கள் நின்று பார்ப்பார்கள். நான் தலை குனிந்து மிதித்துக்கொண்டேயிருப்பேன்.

கை பழகியதும் மணல் பாதையில் இறங்கினேன். சின்ன கியரில் கால் வேகமாகச் சுற்ற, வண்டி நத்தையாய் நகர்ந்தது. அதுவும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஓர் இடத்திலும் புதையவில்லை.

கடற்கரையில் மாதம் நிறைந்த ஒரு மீனவப் பெண் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன நர்ஸம்மா, வெயிலுக்கு முன்னாடியே வந்துட்டீக?" என்றவள் என் உடுப்பை மேலும் கீழும் பார்த்தாள். கோட்டை இழுத்து விட்டுக்கொண்டேன். "நல்லாத்தானே இருக்கு. நண்டு பிடிக்க எறங்குறப்ப எங்களுக்கும் இப்படி ஒண்ணு இருந்தா தேவல."

அன்றுதான் எனக்கும் சிரிப்பு வந்தது.

ஆனாலும் டீக்கடை கண்ணில் பட்டதும் இறங்கிவிடுவேன். அதைத் தாண்டும்வரை தள்ளிக்கொண்டுதான் போவேன். முதுகுளத்தூர்ப் பக்கம் மாற்றலாகும்வரை அப்படித்தான் நடந்தது. கணவர் கேட்டால், இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பயம் என்பேன். அந்த இடத்தில் இறக்கமே கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.