வெந்நீரில் அலசிய மவுத் ஆர்கன்

1943-ஆம் ஆண்டு, மயிலாப்பூர். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து பட்டணத்தைக் காலி செய்தவர்கள் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர்கள் மட்டும் வரவில்லை. அந்தக் காலி அறையில்தான் பள்ளித் தோழிகள் மூவர் சேர்ந்து ஒரு பேண்டு தொடங்கினோம்.

ஆண்டு விழா என்றால் எங்கள் பெண்கள் பள்ளியில் கும்மி, கோலாட்டம், கடவுள் வாழ்த்து. எங்களுக்கு அது அலுத்துவிட்டது. கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசிக்கும் பேண்டைப் போல, போகிறவர்கள் நின்று கேட்கும்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தோம். பாட்டு டீச்சரிடம் கேட்டபோது, "பேண்டா? யார் கல்யாண ஊர்வலத்துக்கு?" என்று சிரித்தார். பிறகு, வெள்ளிக்கிழமை வாசித்துக் காட்டுங்கள், பார்க்கலாம் என்றார்.

ஆழ்வார்பேட்டையிலிருந்து வந்த தோழி பிஸ்கட் தகரத்தில் தாளம் போடுவாள். அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. கச்சேரி ரோட்டுப் பக்கம் குடியிருந்த முஸ்லிம் தோழி மவுத் ஆர்கன் வாசிப்பாள். அது அவள் அண்ணனுடையது. அண்ணன் வெளியூர் போயிருந்ததால் அவருக்குத் தெரியாமல் எடுத்து வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை இரவு அவர் வருவதற்குள் பெட்டியில் திருப்பி வைத்துவிட வேண்டும். வயது வந்த பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று அவள் வீட்டில் எல்லோரும் சொன்னபோது, படிக்கட்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அந்த அண்ணன் ஒருவர்தான். அவருக்குக் கோபம் வந்தால் அவள் படிப்பு அத்தோடு சரி.

நான் பாடுவேன். நடுவில் அவளிடமிருந்து மவுத் ஆர்கனை வாங்கி நானும் கொஞ்சம் ஊதுவேன். ஒருநாள் காபியோடு மாடி ஏறி வந்த அம்மா இதைப் பார்த்துவிட்டாள். காபியை வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அண்ணனின் பொருள் தன் வீட்டார் கண்ணில் படக்கூடாது என்பதால், தோழி அதைத் தினமும் எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள். வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்பும் முன் கடைசி ஒத்திகைக்காக இருவரும் வந்தார்கள். அவள் மவுத் ஆர்கனை எடுத்து ஊதினாள். காற்றுதான் வந்தது.

"இன்னாடி இது, சளி புடிச்ச பூனை மாதிரி கீது?" என்றாள் தகரக்காரி.

மாடி அறை வாசற்படியில் நின்றிருந்த அம்மாவுக்கு முகமெல்லாம் பெருமை. "புளி போட்டுத் தேய்ச்சு, வெந்நீர்ல ஊற வச்சு அலசியிருக்கேன். எப்படிப் பளபளன்னு இருக்கு பார்த்தேளா?" என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

உள்ளே இருந்த மரம் ஊறிப் புடைத்து, பித்தளை நாக்குகள் அடைத்துக்கொண்டிருந்தன. தோழி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்குக் கழுவுனாங்க?"

"தூசியா இருந்திருக்கும்டி," என்றாள் தகரக்காரி அவசரமாக.

தோழி அவள் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நான் வாய் வச்சதுனாலயா?"

"ஆமாம்," என்றேன்.

மவுத் ஆர்கனைத் தாவணி முனையில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அன்று பள்ளிக்கும் வரவில்லை. டீச்சரிடம் கெஞ்சித் திங்கட்கிழமை வரை தவணை வாங்கினோம்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கச்சேரி ரோடு முனை வரை போவேன். அவள் வீட்டுக் கதவைத் தட்டத் தைரியம் இல்லாமல் திரும்புவேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன்.

"என்னடி, கால்ல வெந்நீர் கொட்டிண்டவ மாதிரி அலையறே?" என்றாள் அம்மா.

அப்போதுதான் மனசில் இருந்ததைக் கொட்டினேன். "அது அவ அண்ணாவோடது. கெட்டுப்போச்சு. இனிமே அவளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்ப மாட்டா."

அம்மாவின் கை அரிவாள்மணையிலேயே நின்றது. "பாத்திரம் மாதிரிதானேன்னு நினைச்சேன்," என்றாள் மெதுவாக.

திங்கட்கிழமை காலை தோழி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் துணி சுற்றிய நீளமான பெட்டி. அவிழ்த்தால், புல்புல். ஒரு கையால் கட்டைகளை அழுத்தி, மறு கையால் தந்திகளை மீட்டி வாசிக்கும் வாத்தியம்.

"அண்ணன் கேக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் சொல்லிட்டேன்," என்றாள்.

"அடிச்சாரா?"

"அதைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. அப்பால, பரண் மேல இருந்து இதை எடுத்துக் குடுத்தாரு. 'இதைக் கையாலதான் வாசிக்கணும். எத்தினி பேர் தொட்டாலும் எவங்களும் வெந்நீர்ல போட மாட்டாங்க, எடுத்துக்கினு போ'ன்னாரு."

தகரக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீ எங்க வீட்டுக்குத் திரும்பி வருவேன்னு நான் நினைக்கலைடி."

"நீயும் தூசின்னு சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேன்."

"நான் சமாதானத்துக்குச் சொன்னேன், தாயே!" என்று தகரக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரே புல்புல்லின் முன் இருவரும் உட்கார்ந்தோம். அவள் மீட்டினாள், அவள் காட்டிய கட்டைகளை நான் அழுத்தினேன். முழங்கைகள் இடித்துக்கொண்டே இருந்தன. சுரம் தப்பும்போதெல்லாம் தகரம் பலமாக முழங்கி அதை மறைத்தது. அன்று மத்தியானம் டீச்சர் முழுதும் கேட்டுவிட்டு, "கோலாட்டத்துக்கு அப்புறம் வாசியுங்கள்," என்றார். எங்கள் பேண்டு உருவானது அப்படித்தான். பள்ளிப் படிப்பு முடியும்வரை மூவரும் சேர்ந்தே வாசித்தோம். ஆண்டு விழாவுக்கு அம்மாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

நான் பொய் சொல்லாதவள் என்று அந்தத் தோழி இன்றும் மற்றவர்களிடம் சொல்வாள். ஆனால் அந்த "ஆமாம்" நான் யோசித்துச் சொன்னதல்ல, வாயிலிருந்து தானாக விழுந்தது. யோசிக்க இன்னும் ஒரு நொடி கிடைத்திருந்தால் நானும் தூசி என்றுதான் சொல்லியிருப்பேனோ என்ற கேள்வி, இத்தனை வருடம் கழித்தும் என்னை நிம்மதியாக இருக்க விடுவதில்லை.