பல்பண்ணனின் வைத்திய விளக்கு

பல்பண்ணன் எவர்சில்வர் வடிதட்டைக் கவிழ்த்து, விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டி, தலையில் வைத்துப் பார்க்கிறார். பாத்திரக்கடைக்காரர் சிரிப்பதில்லை, அவருக்குப் பழகிவிட்டது. "மூளையைப் படிக்கிற மிஷினுங்க. நாலு ஒயரை ஒட்டி மேல ஒரு பல்பைப் போட்டுட்டா விஞ்ஞானம் முடிஞ்சுது" என்று அவரிடம் சொல்லிவிட்டு, அடுத்து குக்கர் மூடியைத் தட்டப் போகிறார்.

டிவியில் வரும் விண்வெளித் தொடர்களுக்குச் சாமான் செய்து கொடுப்பது அவர் பிழைப்பு. எதைச் செய்தாலும் உள்ளே ஒரு பல்பு இருக்கும் என்பதால் ஸ்டூடியோவில் எல்லாருக்கும் அவர் பல்பண்ணன். முடி உலர்த்தும் மிஷின் அவர் கைபட்டால் மரணக் கதிர்த் துப்பாக்கி. ஓட்டை வாஷிங் மிஷினின் உருளை ராக்கெட் இன்ஜின். விண்கப்பலின் தானியங்கிக் கதவை மறைவில் நின்று இரண்டு பேர் கயிறு கட்டி இழுப்பார்கள். ஒருநாள் ஒருவர் தும்மித் தொலைத்ததில் பாதிக் கதவுதான் திறந்தது. அண்ட சராசரங்களை ஆளும் பேரரசர் பக்கவாட்டில் நுழைய வேண்டியதாயிற்று.

தன் சாமான்களை அவரைவிட யாரும் கேலி செய்துவிட முடியாது. "கப்பல் லேசா ஆடினாலே சுவிட்சுப் பலகை வெடிச்சுப் பொறி பறக்குது. நட்சத்திரத்துக்கே போறான், ஒரு ஃப்யூஸ் போடத் தெரியல. சீட்டுக்கு பெல்ட் கெடையாது. வருஷக்கணக்கா பயணமாம், கக்கூஸ் எங்கேன்னு டைரக்டரைக் கேட்டேன். மொறைக்கிறாரு!"

இதற்கெல்லாம் முதல் ரசிகை அவர் மனைவி. கார் மூடும் வெள்ளித் துணியில் விண்வெளி உடைகள் தைத்துத் தந்தவர், ஸ்டூடியோவில் தையலக்கா. மாலையில் தொடர் ஓடும்போது இருவரும் அருகருகே உட்கார்ந்து குற்றம் கண்டுபிடிப்பார்கள். "என்னங்க, ராணிக்கு ஜிப்பு முதுகுல இருக்கு. ஆளே இல்லாத கிரகத்துல யாரு போட்டு விட்டாங்களாம்?" என்று அக்கா கேட்டால் பல்பண்ணனுக்குப் புரையேறும்.

அந்த வருஷ மழைக்காலத்தில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "அது." பசித்தாலும் அது, வலித்தாலும் அது, கணவரைக் கூப்பிடுவதற்கும் அது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் பெரிய வளையத்தைப் பழக்கதோஷத்தில் பல்பண்ணன் தட்டிவிட, நர்ஸ் சத்தம் போட்டார். "கோவிச்சுக்காதீங்கம்மா. உள்ள சரக்கு நெறைய இருக்கு, சத்தத்துலயே தெரியுது" என்றார். இத்தனை சரக்கு இருந்தும் அந்த மிஷினால் படம் பிடிக்கத்தான் முடிந்தது. "கை இனிமே வராது சார். இதோட பழகிக்குங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மனிதர் ஒடிந்துபோனார். வேலையை விடவில்லை, கேலிதான் நின்றுவிட்டது. ரசிக்க ஆளில்லாத வீட்டில் யாருக்காகக் குற்றம் கண்டுபிடிப்பது?

நேரம் காலம் தெரியாமல் டைரக்டர் ஒரு வைத்திய விளக்கு கேட்டார். கதாநாயகனின் அறுந்த நரம்பைக் கண் மூடித் திறப்பதற்குள் ஒட்டவைக்கும் விளக்காம். முன்பென்றால் பல்பண்ணன் அரைமணி நேரம் பேசியிருப்பார். இப்போது தலையாட்டிவிட்டு வந்து, காலி ஷாம்பு பாட்டிலுக்கு வெள்ளி பூசி, பச்சைப் பல்பும் பேட்டரியும் வைத்துக் கொடுத்தார். "சுவிட்சை அழுத்திட்டு இருக்கிற வரைக்கும் எரியும் தம்பி. பத்து எண்ணுறதுக்குள்ள விட்டுடுங்க, சுடும்" என்று நடிகரிடம் சொல்லியனுப்பினார்.

அந்தக் காட்சி ஒளிபரப்பான மாலை, பச்சை வெளிச்சம் பட்டதும் நாயகன் விரல்களை மடக்கி விரித்தான். அக்காவின் இடது கை டிவியை நோக்கி நீண்டது. "அது. அது. அது."

"வெறும் ஷாம்பு பாட்டில்மா. நான்தானே செஞ்சேன்."

"அது!"

மறுநாள் கொண்டுவந்தார். பக்கத்தில் பார்த்தால் பழையபடி சிரித்துவிட மாட்டாளா என்று ஒரு நப்பாசை. அக்கா அதை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, கணவரைப் போலவே விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டினார். வெற்றுப் பிளாஸ்டிக் சத்தம் கேட்டது. பல்பண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு வரவில்லை.

அக்கா விளக்கைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு இடது கையால் வலது கையைத் தூக்கி, மேசைமேல், கணவர் முன்னால் வைத்தார்.

"உள்ள ஒண்ணுமில்லம்மா..."

கை அங்கேயே கிடந்தது.

சுவிட்சை அழுத்தினார். அசையாத விரல்களின்மேல் பச்சை வெளிச்சம் விழுந்தது. பத்து எண்ணி முடித்தாயிற்று. பாட்டில் சுட ஆரம்பித்தது. பல்பண்ணன் விரலை எடுக்கவில்லை.