பட்டு வீட்டில் மட்டும் வந்த இழுப்பு

கல்யாணமாகிக் காஞ்சிபுரம் வந்த முதல் மழைக்காலத்தில் எனக்கு இழுப்பு வந்தது. அதுவரை பிறந்த ஊரான வாலாஜாபாத்தில் ஒரு சளிக்குக்கூடப் படுத்தவள் இல்லை நான். மாமியார் வீட்டில் கூடம் முழுக்கத் தறி. பெண்களுக்கு ராட்டையில் பட்டு நூல் சுற்றும் வேலை. கச்சாப் பட்டைச் சுற்றும்போது கண்ணுக்குத் தெரியாத பிசிறு பறக்கும். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடைத்து, குனிந்து உட்கார்ந்து மூச்சுக்குப் பறப்பேன். அப்பா வீட்டுக்குப் போனால் மறுநாளே சரியாகிவிடும்.

அதுதான் வினையாகப் போனது. “தாய் வூட்டுக்குப் போனா குணமாவுது, ராட்டையில உக்காந்தா இழுக்குது. நல்ல நோவும்மா இது!” என்று மாமியார் தெருவுக்கே கேட்கச் சொல்வார். வேலைக்கள்ளி என்று பெயராகிவிட்டது. நிஜமாகவே நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்த நாட்கள் உண்டு.

பங்குனித் திருவிழாவுக்கு வந்த அப்பாவின் அக்கா, நான் திணறுவதைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “அச்சு அசலா எங்க நைனாவாட்டமே இருக்குதேமா! தறியில உக்காந்தா அவருக்கும் இப்டித்தான் இழுக்கும். அதுக்குத்தானே தறிய வித்துட்டு வாலாஜாபாத் போனாரு” என்றாள்.

அவளுடைய நைனா, அதாவது என் தாத்தா, அரிசி வியாபாரத்தின் மேல் ஆசைப்பட்டுப் போனார் என்றுதான் அப்பா எங்களுக்குச் சொல்லியிருந்தார். அப்பா பொய் சொல்வார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அடுத்த முறை வந்தபோது நேராகக் கேட்டேன்.

“தெரியும்மா. ஆனா உனுக்கும் வரும்னு யாரு கண்டா? எனுக்கு வரலியே.”

அவருக்கு எப்படி வரும்? பிறந்ததிலிருந்து அரிசி மண்டியில் வளர்ந்தவர். எங்கள் ஜனம் நெசவு வீட்டில்தான் பெண் கொடுக்கும், எடுக்கும். தாத்தா எதிலிருந்து தப்பி ஓடினாரோ, அதற்குள்ளேயே அப்பா என்னைப் பட்டுப்புடவை கட்டி அனுப்பிவைத்திருக்கிறார். அவர் அதோடு விடவில்லை. குரலைத் தாழ்த்தி, “வெளிய சொல்லிடாதேம்மா. உன் தங்கச்சிக்கு இங்கியே ஒரு தறி வூட்ல பேசிக்கினு இருக்கோம்” என்றார்.

அவர் பஸ் ஏறியதும் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சம்பந்தம் முறிந்தது. அப்பா அதன் பிறகு என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தங்கையை வாலாஜாபாத்திலேயே ஒரு குமாஸ்தாவுக்குக் கொடுத்தார்கள்.

பிற்பாடு ஒரு டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். இது பரம்பரையில் வருவதுதான், ஆனால் பரம்பரை மட்டும் போதாதாம். அதைக் கிளப்பிவிட ஒன்று வேண்டும். எனக்கு அது பட்டுப் பிசிறு. அது படாமலே இருந்தால் சிலருக்கு ஆயுசு முழுக்க ஒன்றும் தெரியாமலே போய்விடுமாம். தங்கையை நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு என் மனசு கொஞ்சம் ஆறியது.

சில வருஷம் கழித்து ஒரு சொந்தக்காரர் கல்யாணப் பந்தலில் அவளைப் பார்த்தேன். முகம் கொடுத்துப் பேசவில்லை. நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எனுக்கு இன்னி வரைக்கும் ஒரு இருமல் வந்ததில்லக்கா. நீ மட்டும் பட்டு வூட்ல வாழணும். அதுக்கு இல்லாத நோவைச் சொல்லி என் கல்யாணத்தக் கெடுத்துட்ட.” ஒரே மூச்சில் சொன்னாள்.

அவளுக்கு வராததே நான் பொய்க்காரி என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. உண்மையைச் சொன்ன அப்பாவின் அக்காவும் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தாள். எதிரே அப்பா உட்கார்ந்திருந்தார். “தாத்தாவுக்கு இருந்ததை நீயே சொல்லுப்பா” என்றேன்.

அப்பா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “இழுப்பா? நம்ம வம்சத்துலயே கெடையாதேம்மா.”