இந்த முறை வேன் வேண்டாம்

லிஸ்பனில் கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை வீட்டுக்கு வீடு கருவாடு வேகும். கேலிக்குச் சொல்லவில்லை. உப்பிட்டுக் காயவைத்த பெரிய பெரிய மீன்களைப் பலகை மாதிரி கடைவாசலில் அடுக்கியிருப்பார்கள். கோட்டு போட்ட கனவான்கள் அதைத் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, மாப்பிள்ளை பார்ப்பதுபோல நிதானமாகத் தேர்ந்தெடுத்து வாங்கிப் போவார்கள். பக்கல்யாவ் என்று பெயர். நான் பிறந்த திண்டுக்கல் பேகம்பூரில் விருந்தாளிக்குக் கருவாடு வைத்தால் அவர் மறுபடி அந்தத் தெருப்பக்கமே வரமாட்டார். இங்கே வந்த முதல் வருடம் கீழ்வீட்டுக்காரர் அந்தப் புனித இரவு விருந்துக்கு என்னையும் மனைவி ரெஹானாவையும் அழைத்தார். காலையிலிருந்து வயிற்றைக் காயப்போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தால், தட்டில் அவித்த கருவாடு, பக்கத்தில் அவித்த முட்டைக்கோஸ். "எப்படியிருக்கிறது?" என்றார். "எங்கள் ஊரில் விருந்தாளிக்கு யாருமே இதைத் தரமாட்டார்கள்" என்று உண்மையைச் சொன்னேன். அவர் கண்கலங்கி, இன்னும் இரண்டு துண்டு வைத்தார்.

சுற்றுலா வழிகாட்டி என்பது என் தொழில். அதாவது, அடுத்தவர்களுடைய நம்பிக்கையை அவர்களைவிட நன்றாகத் தெரிந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு விளக்குவது. பகலில் மாதா கோயில்களின் கதையைப் போர்த்துக்கீசியர்களுக்கே சொல்வேன், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஓட்டமாக ஓடுவேன், வருடத்துக்கு ஒருமுறை இங்கிருந்து ஒரு குழுவைத் தமிழ்நாட்டுக்குக் கூட்டிப்போய் முருகன் கதை சொல்வேன். வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்களுக்கு இது புரியும். எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் பேசத் தெரிந்துவிட்டால், எதிலும் முழங்கால்வரை இறங்க வேண்டியதில்லை. கரையில் நின்றே ஆழம் சொல்லலாம்.

டோனா அமேலியாவை நான் சந்தித்ததும் அப்படிக் கரையில் நின்றபோதுதான். டோனா என்பது இங்கே பெரிய பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல், நம் ஊர் 'அம்மா' மாதிரி. இந்த நாட்டில் பாத்திமா என்று ஓர் ஊர் இருக்கிறது, மாதாவின் பெரிய தலம். நேர்ந்துகொண்டவர்கள் சொந்த ஊரிலிருந்து நாட்கணக்கில் நடந்தே போவார்கள். அப்படிப் போன ஒரு குழுவுக்குப் பின்னால் தண்ணீரும் மருந்தும் ஏற்றிய வேனில் நான் துணைக்குப் போனேன். டோனா அமேலியாவுக்கு அறுபது தாண்டியிருந்தது. விதவை. ஒரே மகன் மீன்பிடிக்கப் போய் மூன்று நாள் தகவல் இல்லாமல், பிறகு முழுசாகத் திரும்பி வந்தவன். அந்த மூன்று நாளில் அவர் மாதாவுக்குக் கொடுத்த வாக்கு: நடந்தே வருகிறேன். பாதி வழியில் முழங்கால் வீங்கிவிட்டது. சாலையோரம் நின்று அழுதார். நான் வேன் கதவைத் திறந்து, என் பிரசித்தி பெற்ற சிரிப்போடு, "ஏறுங்கள் டோனா, மாதா தப்பாக நினைக்கமாட்டார்" என்றேன். அவரும் சிரித்தபடி ஏறிக்கொண்டார். பாத்திமா போய்ச் சேர்ந்தபோது கூட வந்தவர்களெல்லாம் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர் மட்டும் வேனிலிருந்து இறங்கவே இல்லை. அடுத்த வாரம் போன் செய்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "நீ நல்ல பையன், ஆனால் அன்றைக்கு இவ்வளவு நல்லவனாக இருந்திருக்க வேண்டாம்."

மூன்று வருடம் கழித்து மறுபடி அவர் போன். நான் அச்சடித்திருந்த தைப்பூச நடைப்பயண விளம்பரம் கையில் இருந்ததாம். "சாணார்பட்டியிலிருந்து பழனிவரை சமவெளி என்று போட்டிருக்கிறாயே, நிஜமா? மேடு கிடையாதா?"

"பழனியில் மலை இருக்கிறது டோனா. அதுவரை தட்டையான பூமிதான்."

"அப்படியானால் நடக்கிறேன். முழங்காலை ஆபரேஷன் செய்துவிட்டேன். இந்த முறை வேன் வேண்டாம்."

மாதாவுக்குக் கொடுத்த வாக்கைப் பழனிச் சாலையில் தீர்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நடப்பதாகத்தான் சொன்னேன். எந்தச் சாலை என்று அவர் கேட்கவில்லை" என்றார். பேகம்பூர் பாய் இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியுமா? டிக்கெட் போட்டேன்.

இந்தத் தையில் ஆறு பேரோடு சாணார்பட்டிப் பக்கம் வந்து இறங்கினோம். பூ விவசாயம் செய்யும் பாண்டியம்மாக்காவின் குழுவோடு சேர்ந்து நடப்பதாக ஏற்பாடு. மற்ற ஐந்து பேரும் பாதி நடை, பாதி வேன், முழு நேரமும் போட்டோ என்று வந்தார்கள். டோனா அமேலியாவை மட்டும் பாண்டியம்மாக்கா மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தம்மா எதுக்குத் தம்பி நடக்குது?"

கதையைச் சொன்னேன். மகன் கடலிலிருந்து திரும்பிய இடம் வந்ததும் பாண்டியம்மாக்கா கையெடுத்துக் கும்பிட்டார். குருசாமியிடம் போய் என்ன பேசினாரோ, பச்சைச் சேலை ஒன்றும் மாலை ஒன்றும் வந்தன. "பெத்த புள்ளைக்கு நடக்குறவ எல்லாம் ஒரே ஊருதான். குனியச் சொல்லு" என்று தன் கையாலேயே மாலையைப் போட்டுவிட்டார். நான் அந்தக் காட்சியை வேனின் முன் இருக்கையிலிருந்து ரசித்தேன். ஆமாம், வழிகாட்டி நடக்கவில்லை. குழுவைக் "கண்காணிக்க" ஏசி காற்று எனக்கு அவசியமாக இருந்தது.

மறுநாள் மதியம் திண்டுக்கல். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த நிகழ்ச்சி அன்றைக்குத்தான்: வழிகாட்டியின் இல்லத்தில் அசல் பிரியாணி. தெருமுனையிலேயே சீரகசம்பா வாசம் வந்து எங்களை வரவேற்றது. ஐந்து பேருக்கும் மேஜையில் தட்டு. டோனா அமேலியாவை மட்டும் ஜரினாக்கா, என் கூடப்பிறந்தவள், கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போய் இலை போட்டாள். சோறு, பருப்புக் குழம்பு, அவரைக்காய் வெஞ்சனம்.

"என்னக்கா இது? அவுகளுக்குப் பிரியாணி எங்க?"

"ஏலே, கழுத்துல மாலை கிடக்கே, கண்ணு அவிஞ்சா போச்சு?"

"அவுக கிறிஸ்டியன்க்கா. அவுகளுக்கு இந்த விரதமெல்லாம் கிடையாது."

"அது மாலைக்குத் தெரியுமாக்கும்?"

"பிரியாணின்னு எழுதி அச்சடிச்சிட்டேன்."

"அப்ப அந்தத் தாளை இலையில வையி, திங்கட்டும்."

பிறகுதான் தெரிந்தது. கறி புழங்கின சட்டியே ஆகாதென்று புதிதாக இரண்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்கி, பக்கத்து வீட்டு அடுப்பில் வைத்துச் சமைத்திருக்கிறாள். வருடா வருடம் எங்கள் தெரு வழியாகப் போகிற பாதயாத்திரைக்காரர்களுக்குச் சின்ன வயதில் தண்ணீர் ஊற்றியவன் நான். இரண்டு கண்டத்துக்குச் சமயங்களை விளக்கப் போய், கழுத்து மாலையைப் பார்த்ததும் உள்ளூர்ச் சின்னப்பிள்ளைகூட அறிகிற ஒன்றை மறந்திருந்தேன். அன்றைக்கு ஒரு கவளம் கறிச்சோறு அவர் வாய்க்குள் போயிருந்தால், அவருடைய வாக்கை நான் இரண்டாம் முறை கெடுத்திருப்பேன்.

ஆனால் டோனா அமேலியாவின் முகம் வேறுமாதிரி இருந்தது. இலையைத் தொடாமல், தாழ்ந்த குரலில் கேட்டார்: "நான் விதவை என்பதால்தானே தனியாக உட்காரவைத்தார்கள்?" எங்கோ படித்திருக்கிறார். பதறிப்போய் விரதத்தை விளக்கினேன். சட்டியையும் சொன்னேன். அவர் என்னை முடிக்கவிடவில்லை. "அட, எங்கள் பக்கல்யாவ் இரவு! நாங்களும் அன்றைக்குக் கறி தொடமாட்டோமே" என்று ஜரினாக்காவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தார். அக்கா வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதும், சாப்புடச் சொல்லு, ஆறுது" என்றாள். ஒன்பது வருடமாக அந்தக் கருவாட்டைத் தின்கிறேன். அது விரதச் சாப்பாடு என்று அந்த நிமிடம்தான் தெரிந்தது. கஞ்சத்தனம் என்றல்லவா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன்!

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் வந்தது வினை. ஆபரேஷன் செய்யாத மற்ற முழங்கால் பழிவாங்கியது. டோனா அமேலியா ஒரு புளியமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த வேன் நின்றது. டிரைவர் கேட்காமலே கதவைத் திறந்தார். நாளைக்குப் பூசம், அதற்கு மறுநாள் குழுவுக்கு விமானம். என் நாக்கு நுனியில் அதே வாக்கியம், அதே சிரிப்போடு தயாராக வந்து நின்றது: சாமி தப்பாக நினைக்காது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டும் பார்வையாக இருந்திருந்தால் பரவாயில்லை, அது கெஞ்சும் பார்வை.

பாண்டியம்மாக்கா திரும்பி வந்தார். "வேன் எதுக்குத் தம்பி? முடியலைன்னா உக்காரட்டும். செத்த நேரமோ ஒரு நாளோ இருந்துட்டு நடக்கட்டும்."

"நாளைக்குப் பூசம்க்கா. அப்புறம் ஃபிளைட் வேற."

"பூசம் எங்களுக்கு. இந்தம்மா நடக்குறேன்னுதான சொல்லுச்சு, தேதியா சொல்லுச்சு? நாங்க முன்னால போறோம். நீ கூட இருந்து நடத்திக் கூட்டிட்டு வா. வழிகாட்டின்னு பேரு வச்சிருக்கல்ல, வழியில கால வையி."

குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். என் தொந்தியும் லேசாகக் குலுங்கியது. வேன் கதவை நானே சாத்தினேன். மற்ற ஐந்து பேரை டிரைவரோடு அனுப்பி, விமானம் ஏற்றிவிட மதுரை நண்பன் ஒருவனை ஏற்பாடு செய்து, எங்கள் இருவர் பயணத்தைத் தள்ளிப்போட்டேன். வேன் புள்ளியாக மறைந்த பிறகுதான், என் செருப்பு நடைக்கு லாயக்கில்லாதது என்பது நினைவுக்கு வந்தது.

சாலையோரத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். "ஏனுங்க, அம்மாவுக்குக் கால்ல என்னாச்சுங்க?" விவரம் கேட்டு, தோப்பு வீட்டில் இடம் கொடுத்தார். அவர் மனைவி ஆமணக்கு இலையை எண்ணெய் தடவி அனலில் வாட்டி முழங்காலில் கட்டினார். எனக்கும் ஒரு கட்டு எடுத்து வந்தார்.

"நீங்க எத்தனாவது வருசம் நடக்கறீங்க?"

"நான் பாய்ங்க. சும்மா துணைக்கு வந்தேன்."

"பாய்னா கால் வலிக்காதுங்களா? நீட்டுங்க."

நீட்டினேன். இரண்டு நாள் அங்கே இருந்தோம். மூன்றாம் நாள் விடியலில் நடக்கத் தொடங்கினோம். ஒரு மைல்கல், உட்காருதல், மறுபடி ஒரு மைல்கல். அவர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தார், நான் என் கொப்புளங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். பூசக் கூட்டம் வடிந்த சாலையில் எதிரே பஸ்ஸில் ஊர் திரும்புகிறவர்கள் ஜன்னல் வழியாக "அரோகரா!" என்று எங்களைப் பார்த்துக் கத்தினார்கள். அவர் கையாட்டிப் பதிலுக்குக் கத்தினார். அந்தச் சொல்லின் பொருளை விளக்க நான் வாயெடுக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும்.

மறுநாள் பொழுது சாயும் நேரம் பழனி அடிவாரம். டோனா அமேலியா கடைசி அடியை வைத்து நின்று, பிறகு அழுதார். பாத்திமாவில் மற்றவர்கள் அழுதது எப்படி என்று எனக்குத் தெரியும், அப்படியே அழுதார். கூட்டத்திலிருந்து ஒரு பச்சைச் சேலை எழுந்து வந்தது. தன் குழுவை ஊருக்கு அனுப்பிவிட்டுப் பாண்டியம்மாக்கா மட்டும் மடத்தில் காத்திருந்திருக்கிறார்.

"போட்டுவிட்டவ கழட்டாமப் போவனா?" என்று மாலையை வாங்கிக்கொண்டார். "மேல போய்ச் சாத்திட்டு வாரேன். நீங்க ரெண்டு பேரும் மலையைச் சுத்திட்டு இருங்க."

மேலே ஏறுவது டோனா அமேலியாவின் வாக்கில் இல்லை, என் வழக்கத்திலும் இல்லை. எனவே கிரிவலப் பாதையில் மெல்ல நடந்தோம். போன் அடித்தது. ஜரினாக்கா. "எப்படா வீட்டுக்கு வாரே?" வைத்த கையோடு லிஸ்பனிலிருந்து ரெஹானா. "எப்பங்க வீட்டுக்கு வர்றீங்க?" இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: "வந்துக்கிட்டே இருக்கேன்." டோனா அமேலியா என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டினார், நானும் நொண்டினேன். மலை வலது பக்கத்திலேயே இருந்தது. எவ்வளவு நடந்தும் அது கிட்டத்திலும் வரவில்லை, தூரத்திலும் போகவில்லை.