கடப்பாக் கல்லும் இரண்டு அண்டா தண்ணீரும்

போன சனிக்கிழமை மனைவிக்கு ஒரு நல்லது செய்யப் போய், அவள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டேன். இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த காலமெல்லாம் பிள்ளைகளிடம் "தப்பை ஒத்துக்கொள்" என்று அதட்டியவன் நான். இப்போது என் முறை...

பிலோமினாவுக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார்ந்து மீன் வெட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தூத்துக்குடிக்காரியிடம் மீனே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? நின்றுகொண்டே வெட்ட அடுப்படியில் ஒரு மேடை எழுப்பினோம். மேலே போடக் கடப்பாக் கல்தான் பாக்கி. ஒரு மூலையில் தண்ணீர் இறங்க வட்டமாக ஓட்டை வேண்டும். அவளுக்குத் தெரியாமல் கொண்டுவந்து இறக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

புதுத் துறைமுகம் போகிற ரோட்டில் லூர்து கல் அறுக்கும் பட்டறை வைத்திருக்கிறார். கரண்டில் சுற்றும் பிளேடு. அதன்மேல் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் பிளேடு போய்விடும்.

"கல்லு என்னுது, கரண்டு என்னுது. தண்ணி மட்டும் நீங்க கொண்டாரணும் சார். இங்கன அதான் பழக்கம்."

"எதிரே இவ்வளவு கடல் கிடக்கிறதே?"

"உப்புத் தண்ணி விட்டா மெஷினு செத்துப்போவும். பொறவு அதுக்குக் கல்லறை கட்டத்தான் கல்லு அறுக்கணும்!"

பிலோமினா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் இரண்டு அண்டா நிறையத் தண்ணீர். தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டேன்!

பிளேடு இறங்கியது. தண்ணீர் கறுப்புக் குழம்பாக ஓடியது. கல் கேக் மாதிரி வெட்டுப்பட்டது. கடைசிச் சொட்டு வரைக்கும் நின்று ரசித்தேன்.

சீலா மீனோடு திரும்பியவள், அதற்குள் நான் கொண்டுவந்து மேடையில் போட்டிருந்த கல்லைத் தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு அண்டாவைத் திறந்தாள்.

"தண்ணிய எங்க?"

சொன்னேன்.

"ரெண்டு அண்டாவுமா! கல்லு மாப்பிள்ள மாதிரி ஜம்முனு இருக்கு. மீன எதுல கழுவ? ஒங்க இங்கிலீஷுலயா?"

குழாயில் மறுநாள் காலைதான் தண்ணீர் வரும். பக்கத்து வீட்டில் ஒரு குடம் வாங்கிச் சமாளித்தாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. நான் கொண்டுபோய்த் தீர்த்த இரண்டு அண்டாத் தண்ணீரையும் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாக இடுப்பில் சுமந்தவள் அவள். அதே முழங்காலோடு! அண்டா நிறைந்திருப்பதைத் தினமும் பார்க்கிறேன். எப்படி நிறைகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் குடத்தோடு குழாயடிக்கு நானே போனேன்.

"ஏளா, சாரு வாராரு பாரு!"

"வரிசைல நில்லுங்க சார். பள்ளிக்கூடத்துல எங்கள எப்படி நிக்க வச்சிய!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "அக்காவுக்கு முட்டு வலி கூடிட்டா? போன வருசத்துலயிருந்தே நொண்டி நொண்டித்தான வருவாவ."

போன வருடமா? எனக்கு டாக்டர் சொல்லித்தான் தெரியும். தெருவுக்கே தெரிந்திருக்கிறது...

முதல் குடம் பாதி வீட்டுக்கு வந்தது. மீதி என் வேட்டிக்கு. பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"போங்க, இன்னொரு நட போயிட்டு வாங்க."

போனேன். அன்றிலிருந்து தண்ணீர் வரும் நாளெல்லாம் நான்தான் போகிறேன்.

அது சரி — உங்கள் வீட்டு அண்டா எப்படி நிறைகிறது?