ஐந்துக்கு நாலு எடுத்த மலை

நான் பாத்திரம் கழுவுகிற இடம் தெற்கு ஜெர்மனியில், அல்கொய் மலைகளின் மேலே இருக்கிற ஒரு சின்ன விடுதி. அங்கே காலையில் மனிதரை யாரும் சுகம் விசாரிப்பதில்லை, பனியைத்தான் விசாரிப்பார்கள். இரவு எவ்வளவு கொட்டியது, காற்று அதை எந்தப் பக்கம் அள்ளிக்கொண்டு போனது, வெயில் எப்போது படும் என்று, ஆஸ்பத்திரியில் கிடக்கிற பெரியவரைப் பற்றிப் பேசுவது போலக் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். பிறகு விடுதியை நடத்துகிற ஃப்ரோனி வாசல் பலகையில் ஓர் இலக்கம் எழுதுவாள். ஒன்றிலிருந்து ஐந்து வரை.

வந்த முதல் குளிர்காலத்தில் ஒருநாள் அந்தப் பலகையில் நாலு என்று இருந்தது. ஐந்துக்கு நாலு! பள்ளிக்கூடத்தில் நான் அப்படியொரு புள்ளியைப் பக்கத்து வாங்குக்காரனின் கொப்பியில்தான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஃப்ரோனியின் கையைப் பிடித்துக் குலுக்கி, "செயர் கூட், செயர் கூட்!" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் மெச்சினேன். செத்த வீட்டில் வந்து வாழ்த்துச் சொன்னவனைப் பார்ப்பது போல அவள் என்னைப் பார்த்தாள். அது மலைக்குக் கொடுத்த புள்ளி இல்லையாம், பனிச்சரிவு ஆபத்தின் அளவாம். பழைய பனியின் மேல் புதுப்பனி ஒட்டாமல் கிடக்கும், ஒரு மனிதன் காலை வைத்தால் போதும், சரிவு முழுக்க ஒரே பலகையாகக் கழன்று வரும் என்று விளங்கப்படுத்தினாள். அதன் பிறகு எந்த இலக்கத்துக்கும் நான் கைகுலுக்குவதில்லை.

போன குளிர்காலம் அந்த நாலு எனக்கே வினையாக வந்தது. ஹம் நகரத்தில் என் அக்காவின் மகள் பெரியபிள்ளையாகி, அவளுக்குச் சாமத்திய வீடு. நான் ஒரே தாய்மாமன். தேங்காய் உடைத்துத் தண்ணீர் வார்க்க வேண்டியவன். என்னை நம்பமுடியாது என்று, கூட்டி வரச்சொல்லி என் மனைவியின் தம்பி குகனை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். அவன் வந்து சேர்ந்த இரவே பனி கொட்டத் தொடங்கியது. பலகையில் நாலு ஏறியது. கீழே போகிற ஒரே பாதையை ஃப்ரோனி மூடிவிட்டாள். நான் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, இஞ்ச பனி கூடிப்போச்சு. இறங்க ஏலாது போல கிடக்கு."

"ஏன், ஹம்மில பனி கொட்டுறேல்லையோ? சவலால அள்ளிப் போட்டிட்டு வாவன்ரா."

"அள்ளுற பனி இல்லையக்கா. இது ஆளை அள்ளுற பனி."

"உந்தக் கதை எனக்குத் தேவையில்லை. தாய்மாமன் இல்லாமச் சபையில என்ர பிள்ளையை நிப்பாட்டேலாது. நீ வராட்டி, இனி எனக்குத் தம்பி எண்டு ஒருத்தன் இல்லை."

அக்கா வாயால் சொன்னால் செய்துவிடுகிற சாதி. முன்பு ஒரு சித்தப்பாவை இப்படித்தான் வெட்டிவிட்டாள், அவர் இன்றுவரை எங்கள் வீட்டு ஆல்பத்தில் இல்லை.

விழாவுக்கு முதல் நாள் காலை, வானம் வெளித்து, இலக்கம் மூன்றுக்கு இறங்கியது. ஃப்ரோனி நெடுநேரம் சரிவைப் பார்த்தாள். அவளுக்கும் கீழே பல் வைத்தியரிடம் நேரம் குறித்த டெர்மின் இருந்தது. ஜெர்மன்காரருக்கு டெர்மின் என்றால் எங்களுக்கு நல்ல நேரம் மாதிரி, தவறவிடுவது பாவம். "போவோம். ஆனால் நான் சொல்கிறபடி" என்றாள். எங்கள் இருவர் நெஞ்சிலும் ஒரு சின்னக் கருவியைக் கட்டி, அது பீப் பீப் என்று அடிக்கிறதா என்று பார்த்தாள்.

"இது ஆளைக் காப்பாத்துமோ அத்தான்?" என்று குகன் கேட்டான்.

"இல்லையடா. எங்க புதைஞ்சு கிடக்கிறாய் எண்டு மற்றாக்களுக்குச் சொல்லும்."

"நல்ல சாமான். கலியாணம் கட்டமுதல் தந்திருக்கலாம்."

விடுதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் பாதை ஒரு செங்குத்தான பள்ளத்தைக் குறுக்காகக் கடக்கிறது. ஃப்ரோனி நிறுத்தினாள். ஒரு நேரத்தில் ஒருவர்தான். மற்றவர்கள் நின்று கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். போனவர் அந்தப் பக்கப் பாறையடியில் சேர்ந்து கையை உயர்த்தினால்தான் அடுத்தவர் காலை எடுக்கலாம். பாரம் குறையும், ஏதும் நடந்தால் தோண்டுவதற்கு ஆள் மிஞ்சும். இதை நான் குகனுக்குத் தமிழில் சொன்னேன். அவன் கோவிலில் தலையாட்டுவது போல ஆட்டினான்.

ஃப்ரோனி கடந்து கையை உயர்த்தினாள். நான் இறங்கினேன். பாதிக்கு மேல் போயிருப்பேன், பின்னால் பனிச்சப்பாத்துச் சத்தம். திரும்பினால், என் முதுகில் மூச்சு விடுகிற தூரத்தில் குகன்.

"என்னடா செய்யிறாய்?"

"உங்களைத் தனிய விட்டிட்டு நிக்கச் சொல்றாள் அத்தான். நான் பாத்துக்கொண்டு நிப்பனோ?"

வாய்க்குள் வந்த தூஷணம் வெளியே வரவில்லை. ஏனென்றால் சண்டைக்காலத்தில் வன்னியில் ஊர் ஊராக ஓடினபோது எங்களுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு அதுதான்: கையை விடாதே. குகன் அப்போது சின்னப் பொடியன். செத்தால் ஒன்றாய்ச் சாவோம் என்று சனம் ஒரே பங்கருக்குள் நெரிந்து கிடந்த காலத்தில் வளர்ந்தவனுக்கு, தள்ளி நின்று பார்ப்பதும் அன்பு என்று அரை நிமிட வகுப்பில் எப்படிப் புரியும்?

அப்போதுதான் அந்தச் சத்தம். வெடியில்லை, இடியில்லை. காலுக்குக் கீழே யாரோ பெரிய கதவை மெல்லச் சாத்தினது போல ஒரு "வும்". எங்களுக்கு மேலே பனியில் மெல்லிய வெடிப்பொன்று ஓடி நின்றது. குகன் என் ஜாக்கெட்டைப் பிடித்தான். அக்கரையிலிருந்து ஃப்ரோனி கத்தவில்லை, சோறு போடுகிற குரலில் சொன்னாள்: "நீ என்னிடம் வா. அவன் தன் காலடியிலேயே திரும்பிப் போகட்டும். ஒருவர் பின் ஒருவராக."

"கையை விடடா."

"மாட்டன்."

"நாளைக்கு என்ர அக்கா கேட்டா நீயோ மறுமொழி சொல்றது? விடு!"

பனிக்குப் பயப்படாதவன் அக்காவுக்குப் பயந்தான். கை கழன்றது. அவன் அடி அடியாகப் பின்வாங்கிக் கரை சேரும்வரை நான் அசையாமல் நின்று பார்த்தேன். அவன் கையை உயர்த்தினான். பிறகுதான் நான் நடந்தேன். சரிவு இருந்த இடத்திலேயே இருந்தது. ஃப்ரோனி என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. தண்ணீர்ப் போத்தலை நீட்டி, விடுதியில் இருந்த புருஷனுக்கு வயர்லெஸ்ஸில் சொன்னாள்: பாதை மூடியாச்சு, அந்தப் பையனை உள்ளே எடு, பாத்திரம் கழுவ ஆள் கிடைத்தாச்சு.

இப்படி, கூட்டிப்போக வந்தவன் மலையில் நின்றான், கூட்டிப்போகப்பட வேண்டிய நான் றெயிலில் தனியாக ஹம் போய்ச் சேர்ந்தேன். தேங்காய் ஒரே அடியில் உடைந்தது, அக்கா அழுதாள், நான் ஆல்பத்தில் தப்பினேன். ஆனால் ஆலாத்தித் தட்டுகளோடு மாமிமார் மொத்தமாக மேடையேறியபோது என் வாய் என்னைக் கேட்காமலே கத்தியது: "ஒராள் ஒராளா வாங்கோ! மற்றாக்கள் நில்லுங்கோ!" மண்டபம் சிரித்தது. "உவன் முழு ஜெர்மன்காரன் ஆயிட்டான்" என்றார் யாரோ. படக்காரர் "கிட்ட வாங்கோ, இன்னும் கிட்ட" என்று கெஞ்சினார். எல்லாரும் நெரிந்தார்கள். என் கால் மட்டும் நகரவில்லை.

அன்று மாலை குகன் மலையிலிருந்து ஒரு படம் அனுப்பினான். ஒரே வாங்கில் ஃப்ரோனியின் புருஷனும் முன்பின் தெரியாத விருந்தாளிகளும் தோளோடு தோள் நெரிந்து சிரிக்கிறார்கள். ஜெர்மன்காரர் அப்படி ஒட்டி இருந்து நான் பார்த்ததில்லை. நடுவில் அவன். இரண்டு படங்களையும் போனில் மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். ஹம் படத்தில் எனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம் வெறுமையாகக் கிடக்கிறது. மலைப் படத்தில் என் ஏப்ரனுக்குள் வேறொருவன் இருக்கிறான்.