பை வைத்த பாவாடை

நான் தைத்து விற்பது உள்பாவாடை. இதை எழுத எனக்கு ஒரு சிரமமும் இல்லை. வாயால் சொல்லத்தான் வருஷக்கணக்கில் ஆனது.

கடைகளில் தொங்கும் சாதாரணப் பாவாடை இல்லை. இடது இடுப்பில் ஜிப் வைத்த பை இருக்கும். செல்போன், பர்ஸ், வீட்டுச் சாவி எல்லாம் அதற்குள் போய்விடும். ஆண்களுக்குச் சட்டையில் பை, பேண்டில் நாலு பை, உள்ளே போடுகிற பட்டாபட்டி டவுசரில்கூட ஒரு பை. இத்தனை நீளத் துணியைச் சுற்றிக்கொண்டு போகிற எங்களுக்கு ஒன்றுகூடக் கிடையாது. அந்த எரிச்சலில் எனக்காக ஒன்று தைத்துக்கொண்டேன். தெருப் பெண்கள் கேட்டார்கள், பிறகு அவர்களுடைய நாத்தனார்கள் கேட்டார்கள், அப்படியே தொழிலாகிவிட்டது. என் கணவர் வெளியே 'டைலரிங்' என்று சொல்லிக்கொள்வார்.

மாமனார் மில்லில் வேலை பார்த்தபோது கட்டிய வீடு எங்களுடையது. பின்பாதி எங்களுக்கு, முன்பாதி கணவரின் அண்ணனுக்கு. அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவருடைய முன்னறையில்தான் என் தையல் மெஷின்கள் இருந்தன. அந்த அறையை யாரோ மொபைல் கடைக்கு வாடகைக்குக் கேட்டிருந்தார்கள். மாமா என்னிடம் நேரே பேசாமல் தம்பியிடம் சொல்லி அனுப்பினார். பீச் ரோட்டு மகளிர் கண்காட்சியில் ஸ்டால் போடப்போகிறாளாமே, போட்டுப் பார்க்கட்டும், நாலு பேர் வாங்கினால் சரி, இல்லையென்றால் கண்காட்சி முடிந்த அன்றே சாவியைக் கொடுத்துவிடட்டும் என்றார். எங்கள் பாதியில் கட்டிலைப் போட்டால் நடக்க இடமில்லை. அந்த அறை போனால் என் தொழிலும் போச்சு.

ஸ்டால் கொடுக்கும் முன் எங்களுக்குப் பயிற்சி வைத்தார்கள், கதிர்காமத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில். சின்ன வயதுப் பெண் ஒருத்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு, உங்களை நீங்களே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்கள் என்று கேட்டாள். எங்களுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஒவ்வொருவராக எழுந்து அவரவர் பொருளைப் பற்றிப் பேச வேண்டுமாம். மெழுகுவர்த்தி, கேக், சணல் பை என்று கௌரவமான பொருள்களாக வந்துகொண்டிருந்தன. என் முறை வந்தபோது மண்டபத்து மேனேஜரும் மைக் செட்காரரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். லேடீஸ் ஐட்டம் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் கைதட்டி, 'பெண்களுக்கான ஃபேஷன் பொருட்கள்' என்று எனக்கு ஒரு போஸ்டரே செய்து கொடுத்தாள். அதை வாட்ஸ்அப்பில் போட்டதும் போன் வந்தது. கல்யாணத்துக்கு வளையல் செட் இருக்கிறதா என்று கேட்டார்கள். அடுத்து வந்த போன் லிப்ஸ்டிக்குக்காக.

கண்காட்சியில் பாவாடைகளை ஸ்டாலின் உள்பக்கம் மாட்டினேன். முன்னால் கைக்குட்டைகளைத் தொங்கவிட்டேன். ஊரே காற்று வாங்க வருகிற இடத்தில் மானம் மரியாதையோடு இருக்க வேண்டாமா. கைக்குட்டை நன்றாகப் போனது. பாவாடை ஒன்றுகூட நகரவில்லை.

பக்கத்து ஸ்டாலில் வட்டலப்பம் விற்றவள், ஊரின் பழைய வியாபாரக் குடும்பமொன்றைச் சேர்ந்த முஸ்லிம் பெண். முட்டையும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து ஆவியில் வேகவைத்து, கப்பு கப்பாக அடுக்கியிருந்தாள். நாக்கில் பட்டதும் கரைந்தது. அவள் வீட்டு ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடையில் நின்று பேசியே விற்றவர்கள். இவளோ, எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், "ஏதோ சுமாரா இருக்கும்" என்றாள். கேட்டவர்களும் அவள் பேச்சை நம்பி நகர்ந்துவிட்டார்கள். பார்க்கச் சகிக்காமல் நானே ஆட்களைக் கூப்பிட்டேன். இந்தக் கைப்பக்குவம் ஊரிலேயே கிடையாது என்றேன். துளியும் கூச்சமில்லை, அடுத்தவள் பொருள்தானே. பதிலுக்கு அவள் என் கைக்குட்டைகளை ஒதுக்கிவிட்டு, பாவாடைகளை முன்னால் இழுத்து மாட்டி, பை வைத்த பாவாடை என்று குரல் கொடுத்தாள். இரண்டு ஸ்டாலிலும் கூட்டம் சேர்ந்தது. நம்மைப் பற்றி நாமே பேசினால் தலைக்கனம், அடுத்தவர் பேசினால் நற்சான்று. மண்டபத்தில் இதைச் சொல்லித் தந்திருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

கடைசி நாள் சாயங்காலம் ஓர் அம்மாள் வந்து பாவாடையைப் புரட்டி உள்தையலைப் பார்த்தாள். உள்தையலைப் பார்க்கிறவள் லேசில் திருப்தியாக மாட்டாள். அவள் நிமிர்ந்து, வட்டலப்பக்காரியைப் பார்த்து, "நீ தச்சதாம்மா? உள்பக்கம்கூட எவ்ளோ சுத்தமா இருக்கு" என்றாள்.

வட்டலப்பக்காரி தலையைக் குனிந்து சிரித்தாள். "ஏதோ எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் தச்சிருக்கேங்க."

தன் வட்டலப்பத்தைச் சுமார் என்றவள், என் பாவாடைக்கு வந்த பாராட்டை எவ்வளவு அடக்கமாக வாங்கிக்கொண்டாள். அந்த நிமிஷம் எனக்குத் தன்னம்பிக்கை பிறந்ததாகப் பயிற்சிப் பெண் இப்போது போகிற இடமெல்லாம் சொல்கிறாளாம். பிறந்தது வயிற்றெரிச்சல்.

"அது நான் தச்சதுங்க" என்றேன். "உள்பாவாடை. பை இருக்கறதே வெளியே தெரியாது, பாருங்க." இடுப்போரம் கையை விட்டு என் போனை எடுத்துக் காட்டினேன். ஒரு தடவை சொன்னதும் வாயை நிறுத்த முடியவில்லை. சாயம் போகாது, நாடா அறுந்துபோகாது, உட்கார்ந்தால் போன் குத்தாது, பஸ்ஸில் எவன் கையும் உள்ளே போகாது என்று அடுக்கிக்கொண்டே போனேன். வாக்கிங் வந்த ஆண்களும் நின்று கேட்டார்கள். கேட்கட்டும் என்றுதான் இருந்தது. சும்மா பேச்சுக்குத்தான் அப்படிச் சொன்னேன் அக்கா என்று வட்டலப்பக்காரி என் காதில் கிசுகிசுத்தாள். அவள் மேல் கோபமாகவும் இருந்தது, அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

கூட்டம் கலைந்தபோதுதான் பார்த்தேன். எல்லாருக்கும் பின்னால் மாமாவும் அக்காவும், அதாவது அவர் மனைவியும், நின்றிருந்தார்கள். சாவி வாங்க வந்திருக்கிறார்கள். எத்தனை உள்பாவாடை அவர் காதில் விழுந்ததோ.

அக்கா முன்னால் வந்து ஒரு பாவாடையை எடுத்தாள். தன் வீட்டு முன்னறையில் தினமும் தைப்பதைப் பார்க்கிறவள்தான், ஆனால் மாமா எதிரில் ஒருநாளும் தொட்டதில்லை. ஜிப்பைத் திறந்து மணிக்கட்டு வரை கையை விட்டுப் பார்த்தாள். சர்க்கரைக்கு மருந்து வாங்க மாதாமாதம் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவள். போன தடவை பஸ் நெரிசலில் பர்ஸைப் பறிகொடுத்து வந்து, மாமாவிடம் தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டு வாங்கினாள். இப்போது பாவாடையைக் கீழே வைக்காமல் அவரையே பார்த்தாள்.

மாமா ஸ்டாலில் மிச்சமிருந்த நாலைந்து பாவாடைகளைப் பார்த்தார். காலியான கொடியைப் பார்த்தார்.

"சாவி உன்கிட்டயே இருக்கட்டும்மா" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அக்காவுக்கு அதுல ஒண்ணு குடு."

அக்கா கையிலிருந்ததை வாங்கி மடித்தேன். கவரில் போட்டேன். கொடுக்கவில்லை.

"எதுல மாமா?"

அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமாவின் உதடு மட்டும் அசைந்தது.

"காதுல விழலை மாமா" என்றேன்.